லிஃப்ட் நடுவில் நின்றால்: ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்

லிஃப்ட் பற்றி வந்த கடிதங்களை மட்டும் தனியாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐடிஐ முடித்துவிட்டு 1986இல் ஹெல்பராகச் சேர்ந்தவன். 2019இல் சீனியர் மெக்கானிக்காக ஓய்வு. வேலை பார்த்த 33 வருடமும் சென்னைதான். நீங்கள் லிஃப்டுக்குள் நின்று போவீர்கள்; நான் பாதி நாள் அதன் கூரைமேல் நின்று போனவன். கேள்விகளுக்கு வருவோம்.

"போன மாதம் ஒரு மத்தியானம் நானும் என் மாமியாரும் (வயது 71) லிஃப்டில் வரும்போது கரண்ட் போய், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டோம். இருபது நிமிடம் கழித்து வாட்ச்மேன் இரண்டாவது மாடிக் கதவை நெம்பித் திறந்தார். உள்கதவை நாங்களே தள்ளினோம். நாலடி பள்ளத்தில் அவர் முகம் தெரிந்தது. 'குதிம்மா, நான் புடிச்சிக்கிறேன்' என்றார். நான் குதித்துவிட்டேன். மாமியார் மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் வந்து அவரை இறக்க இன்னொரு அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர். நான் செய்தது தப்பா?" (ஒரு வாசகி, பெரம்பூர்)

மாமியார் பக்கம்தான் தீர்ப்பு, அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் குதித்த இடத்தை ஒருமுறை மனதில் கொண்டுவாருங்கள். லிஃப்டின் தரை, இரண்டாவது மாடித் தரையைவிட நாலடி உயரத்தில் நிற்கிறது. வாட்ச்மேன் திறந்த கதவின் மேல்பாதியில் நீங்கள் தெரிகிறீர்கள். கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? லிஃப்ட் தரையின் விளிம்பிலிருந்து ஒரு தகடு கீழே தொங்கும், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் அதை ஏப்ரன் என்போம். அந்தத் தகடு முடிகிற இடத்துக்கும் மாடித் தரைக்கும் நடுவே இருக்கிற சந்து, நேராக லிஃப்ட் ஏறி இறங்குகிற குழிக்குள் திறக்கிறது. பழைய லிஃப்ட் சிலவற்றில் ஏப்ரனே இருக்காது. அப்போது அந்த நாலடியும் ஓட்டைதான்.

இறங்குகிறவர் எப்படி இறங்குவார்? வயிற்றை விளிம்பில் வைத்து, காலைத் தொங்கவிட்டு, மெல்லச் சரிவார். கால் மாடித் தரையைத் தொடும்போது உடம்பின் கனம் முழுவதும் குழியின் பக்கம் சாய்ந்திருக்கும். கை வழுக்கினால் ஊஞ்சல் மாதிரி உள்ளே போய்விடுவார். முகம் லிஃப்டைப் பார்த்து, முதுகு வராந்தாவைப் பார்த்து இருப்பதால், வெளியே நிற்பவர் பிடிக்க ஒன்றும் அகப்படாது. நீங்கள் முன்பக்கமாகத் தாவினீர்கள், வாட்ச்மேனும் கெட்டியான ஆள். அதனால் கடிதம் எழுதுகிறீர்கள்.

இதைவிடப் பயங்கரம், நீங்கள் விளிம்பில் இருக்கும்போது கரண்ட் திரும்பி வருவது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடக் கூடாது, அதற்குப் பூட்டும் சுவிட்சும் உண்டு. ஆனால் பூட்டை நெம்பித் திறந்த பிறகு, அந்தச் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும் என்று நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.

மெக்கானிக் வந்தவுடன் உங்களிடம் ஓடி வராமல் மொட்டை மாடிக்கு ஏறியிருப்பார், கவனித்தீர்களா? முதலில் மெஷின் ரூமில் மெயினை அணைக்க வேண்டும். கரண்ட் வந்தாலும் இனி நகராது என்று உறுதியான பிறகு ஒருவர் பிரேக் நெம்புகோலை விடுவிப்பார், இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். ரோப்பில் ஒவ்வொரு மாடிக்கும் பெயின்ட் அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் வந்தால் லிஃப்ட் மாடிக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் கீழே வந்து கதவைத் திறப்பார். மாடித் தரையும் லிஃப்ட் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். மாமியார் வாசற்படி தாண்டுகிற மாதிரி தாண்டி வந்திருப்பார்.

என் சர்வீஸில் லிஃப்டுக்குள் பேசாமல் காத்திருந்ததால் செத்தவர் என்று ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வெளியே வரப் பார்த்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை விவரமாக எழுத வேண்டாம்.

உங்களுக்குச் சொல்ல ஒன்று பாக்கி. கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் முதல் அரை நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். இப்போது பல லிஃப்டில் ஏஆர்டி என்று பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தாமதித்து, அதுவாகவே மெல்ல ஊர்ந்து பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும். அப்படி நடக்கவில்லை என்றால் அலாரம் பட்டனை அழுத்துங்கள். பிறகு போன். வாட்ச்மேன் நம்பரும், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் சர்வீஸ் நம்பரும் உங்கள் போனில் இருக்கட்டும். உள்ளே ஒருவருக்கு நெஞ்சு வலி, மயக்கம் என்றால் 112. வந்தவரிடம் எந்த மாடிக்கு நடுவில், எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு மாமியாரைப் போலத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். லிஃப்ட் திடீரென்று நகர்ந்து குலுங்கினாலும் உட்கார்ந்திருப்பவர் விழ மாட்டார்.

"ரோப் அறுந்து லிஃப்ட் கீழே விழும்போது, தரையில் மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் குதித்தால் தப்பிக்கலாமாமே?" (பிளஸ் டூ மாணவர், பாளையங்கோட்டை)

கணக்கை நீங்களே போடுங்கள் தம்பி. மூன்று மாடி, சுமார் 9 மீட்டர், தடையே இல்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் இருக்கும். நல்ல ஆட்டக்காரர் எம்பிக் குதித்தாலும் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான் தேறும். மீதி 38ஐ யார் வாங்குவது? அதுவும் விழுகிற பெட்டிக்குள் உங்கள் கால் தரையில் சரியாக ஊன்றாது. தரை எப்போது வரும் என்றும் உள்ளேயிருந்து தெரியாது.

ஆனால் அந்த நிலைமை வருவதே அபூர்வம். லிஃப்டைத் தொங்கவிடுவது ஒரு ரோப் அல்ல. நான் பார்த்த அபார்ட்மென்ட் லிஃப்டுகளில் மூன்று, நான்கு இருக்கும். எல்லாம் சேர்ந்து, சுமக்க வேண்டிய எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். அத்தனையும் அறுந்தாலும் கவர்னர் என்று ஒரு சக்கரம் தனி ரோப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் வழக்கமான வேகத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடிப்போனாலே அது இறுகும். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் சேஃப்டி கியர், இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். அது கவ்விய இடத்தில் தண்டவாளத்தில் பல் பட்ட மாதிரி தடம் விழும். அரம் வைத்து அந்தத் தடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய நாங்கள் அரை நாள் உட்கார வேண்டும்.

எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர் 1854இல் நியூயார்க் கண்காட்சியில், தான் ஏறி நின்ற மேடையின் கயிற்றைக் கூட்டத்தின் முன்னால் வெட்டச் செய்து காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் மனிதர்கள் நம்பி ஏறினார்கள்.

அப்படியும் ஒரு லிஃப்ட் விழுந்தது. 1945 ஜூலை 28, பனிமூட்டத்தில் ஒரு ராணுவ விமானம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதியது. ரோப்பும் கவர்னர் ரோப்பும் சேர்ந்து சேதமாகி, பெட்டி லூ ஆலிவர் என்ற லிஃப்ட் ஆபரேட்டர் இருந்த லிஃப்ட் 75 மாடி கீழே போனது. பலத்த காயம், ஆனால் பிழைத்துக்கொண்டார். விமானம் வந்து மோதினால் ஒழிய ரோப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், படிக்கிற பிள்ளை என்பதால் சொல்கிறேன். லிஃப்டுக்கு மறுபக்கம் கவுன்டர் வெயிட் தொங்குகிறது. அது காலி லிஃப்டைவிடக் கனம்: பெட்டியின் எடையோடு, ஏற்றக்கூடிய சுமையில் பாதியளவு சேர்த்து வைத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது பிரேக்கை விடுவித்தால் லிஃப்ட் கீழே போகாது. மேலே போகும். ஹெல்பராகச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு இதைக் காட்டியபோது, மேஸ்திரி ஏதோ மாயம் பண்ணுகிறார் என்றே நினைத்தேன்.

"அடைத்த பெட்டிக்குள் எத்தனை நேரம் மூச்சு தாங்கும்? எனக்கு ஆஸ்துமா உண்டு. அதனால் நான்கு மாடியும் படியேறியே போகிறேன்." (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை)

சார், லிஃப்ட் அடைத்த பெட்டி இல்லை. கதவின் அடியில், பக்கவாட்டில், கூரையில் எல்லாம் காற்று போக வழி வைத்துத்தான் செய்கிறார்கள். ஃபேன் நின்றதும் புழுங்கும், வியர்க்கும், மூச்சு முட்டுகிற மாதிரி தோன்றும். காற்று தீர்ந்துபோகாது. 1999 அக்டோபரில் நியூயார்க்கில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், சிகரெட் பிடிக்க இறங்கிப்போய்த் திரும்பும்போது மாட்டிக்கொண்டு 41 மணி நேரம் உள்ளே கிடந்தார். வார இறுதி என்பதால் யாரும் பார்க்கவில்லை. நடந்தே வெளியே வந்தார்.

இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து, மெதுவாக மூச்சை விடுங்கள். கத்தினால் இளைப்புதான் கூடும். கதவைத் தட்டுவதாக இருந்தால் சாவியால் தட்டுங்கள். கையால் தட்டுவதைவிட உலோகச் சத்தம் குழிக்குள் தூரம் போகும். நான்கு மாடி ஏறுவது நல்ல பழக்கம்தான், அதை விடச் சொல்லவில்லை.

"கல்யாண மண்டபத்து லிஃப்டில் ஏறினோம், கீ என்று சத்தம் போட்டது. யார் இறங்குவது என்று பத்து நிமிடம் சண்டை." (வாசகர், கும்பகோணம்)

கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். சம்பந்தியாக இருந்தாலும் சரி.

லிஃப்டுக்குள் இருக்கிற தகட்டைப் படியுங்கள். 6 பேர், 408 கிலோ என்று இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்று போட்ட கணக்கு அது. மண்டபத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஆறு பேரோடு சீர்வரிசைத் தட்டும் குடமும் சேர்ந்தால் சத்தம் வரத்தான் செய்யும். சத்தம் நிற்கும்வரை கதவு மூடாது, லிஃப்ட் நகராது, அதுவே நல்லது. சில மண்டபத்தில் தொந்தரவு என்று அந்த ஒயரையே கழற்றி வைத்திருப்பார்கள். எட்டுப் பேர் ஏறியும் சத்தம் வராத லிஃப்டில் இருந்து நான் இறங்கிவிடுவேன்.

"டிசம்பர் வந்தாலே பயம். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் லிஃப்டை என்ன செய்ய வேண்டும்?" (வாசகி, வேளச்சேரி)

2015 டிசம்பரில் உங்கள் பக்கத்துக் கட்டடங்களில் நான் பம்ப் வைத்து இறைத்திருக்கிறேன். தரைத்தளத்துக்கு அடியில் லிஃப்டுக்கு ஒரு குழி உண்டு, பிட் என்போம். சுமார் ஐந்தடி ஆழம், அதில் பஃபர் என்ற ஸ்பிரிங்கும் ஒயர்களும் இருக்கும். தெருத் தண்ணீர் கார் நிறுத்துமிடத்துக்குள் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். வெளியே கணுக்கால் அளவு என்றால் குழிக்குள் ஒரு ஆள் கழுத்துக்கு மேலேயே நிற்கும். அது தெரியாமல் மேலேயிருந்து ஒருவர் தரைத்தளப் பட்டனை அழுத்துவார், லிஃப்ட் தண்ணீருக்குள் இறங்கும். உள்ளே ஆள், கீழே கரண்ட், தண்ணீர்.

வாசலுக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்தவுடனே லிஃப்டை இரண்டாவது மாடிக்கு மேலே அனுப்பி நிறுத்துங்கள். உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு மெயினை அணையுங்கள். ஒவ்வொரு மாடியிலும் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்துவிட்டது என்று நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். மெக்கானிக் குழியில் இறங்கிப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். மிச்சாங் புயலுக்குப் பிறகு ஒரு கட்டடத்தில் குழிக்குள் சாரைப்பாம்பு இருந்ததாக என் பழைய ஹெல்பர் சொன்னான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

தீ பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். தீ என்றால் லிஃப்ட் வேண்டாம், படிதான். லிஃப்ட் குழி புகைபோக்கி மாதிரி புகையை மேலே இழுக்கும். கரண்டும் எந்த நிமிடமும் போகும். ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது புகை வாடை வந்தால் பக்கத்து மாடிப் பட்டனை அழுத்தி இறங்கிவிடுங்கள். நில அதிர்வுக்கும் அதுவே. 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் கட்டடங்கள் ஆடியபோது நான் ஒரு ஆபீஸில் லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்தேன். ரோப் தாளம் போட்டது. இறங்கிப் படிவழியாகத்தான் வந்தேன்.

"நான் அசோசியேஷன் செக்ரட்டரி. ஏஎம்சிக்கு (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் கட்டுகிறோம், லைசென்சும் இருக்கிறது. வேறு என்ன செய்ய வேண்டும்?" (வாசகர், மதுரை)

1997ஆம் வருடத்துத் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உரிமம் வாங்கியிருக்கிறீர்கள், சரி. உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். மாதம் ஒருநாள் நீங்களே லிஃப்டுக்குள் போய் அலாரத்தை அழுத்துங்கள். வாட்ச்மேன் காதில் விழுகிறதா, விழுந்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று பாருங்கள். பல இடத்தில் மணி அடிக்கும், அவர் டீக்கடையில் இருப்பார். அடுத்து ஏஆர்டி பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் அது சோர்ந்துவிடும், அப்புறம் பெட்டி சுவரில் அலங்காரமாகத் தொங்கும். மெக்கானிக் சர்வீசுக்கு வரும்போது மெயினை அணைத்து, லிஃப்ட் தானாக மாடிக்கு வருகிறதா என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது அந்த முக்கோணச் சாவி. வெளிக்கதவைத் திறக்க ஒரு சின்ன ஓட்டைக்குள் விடுவோமே, அது. வாட்ச்மேனின் சாவிக்கொத்தில் மோட்டார் ரூம் சாவியோடு தொங்கினால் இன்றே வாங்கிப் பூட்டி வையுங்கள். பெரம்பூர் வாசகியைக் குதிக்கச் சொன்னவர் கெட்ட ஆள் இல்லை, உதவ நினைத்தவர். பயிற்சி இல்லாதவர் கையில் அந்தச் சாவி போனால் உதவியே ஆபத்தாகிவிடும்.

"பழைய கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கையால் இழுத்துத் திறக்கும் கதவு. லிஃப்ட் வராமலே சில சமயம் கதவு திறந்துகொள்கிறது. புகார் சொன்னால், 'பார்த்து ஏறுங்க' என்கிறார்கள்." (வாசகர், பாரிமுனை)

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். லிஃப்ட் வராமல் கதவு திறந்தால் பூட்டு செத்துப்போச்சு என்று அர்த்தம். அந்த லிஃப்டை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நிர்வாகம் கேட்காவிட்டால் மின் ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள், உரிமம் தருகிற துறை அதுதான். அது நடக்கும்வரை நீங்கள் படியில் போங்கள்.

1991 என்று நினைவு. உங்கள் பக்கத்திலேயே ஒரு துணிக் கிடங்கு, நான்காவது மாடி. சாயங்காலம், கரண்ட் இல்லை, வராந்தா கும்மிருட்டு. எனக்குத் தொழில் தெரியும் என்ற திமிர் வந்திருந்த வயது. கதவை இழுத்தேன், திறந்தது. திறந்தால் லிஃப்ட் நிற்கிறது என்றுதானே அர்த்தம், காலை எடுத்து வைத்தேன். அதற்கு முன்னால் முகத்தில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது, கிரீஸ் வாடையோடு. ஆள் ஏறுகிற லிஃப்டுக்குள்ளிருந்து அப்படிக் காற்று வராது. என் மூளைக்கு அது எட்டவில்லை, பின்னால் வந்த மேஸ்திரிக்கு எட்டிவிட்டது. காலரைப் பிடித்து இழுத்தார், சட்டை கிழிந்தது. வலது கால் செருப்பு மட்டும் உள்ளே போனது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடியில் டப்பென்று சத்தம்.

மேஸ்திரி திட்டவில்லை. மறுநாள் காலையில் குழிக்குள் இறங்கி அந்தச் செருப்பை எடுத்து வந்து, என் டூல் பாக்ஸின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.